நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்காதீர்கள்

நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்காதீர்கள். அதன் பக்கங்களுக்கு நடுவே அச்சடித்த செய்தித்தாளைச் செருகாதீர்கள். பைண்டரிடம் "பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் கடலூரில் எங்கள் வீட்டுக்குள் தென்பெண்ணை நுழைந்த அந்த வாரத்தில் இந்த மூன்று வாக்கியங்களை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், என் அப்பாவின் கையெழுத்து இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சொல்வதற்கு ஆள் இல்லை. சேற்றை எப்படிக் கழுவுவது, மின்சார மீட்டரை எப்போது தொடலாம், எந்த மருந்தைத் தெளித்தால் பூரான் வராது என்றெல்லாம் சொல்ல ஊரே இருந்தது. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் பட்டதை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் சிறுவயதுப் புத்தகங்களை வைத்திருப்பவர்கள், அதுவும் ஆற்றோரத்திலோ கடலோரத்திலோ இருப்பவர்கள், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் அவை என்ன புத்தகங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். சம்பள நாளில் வீட்டுக்கு வரும்போது அவர் பையில் அம்புலிமாமா இருக்கும். 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது; அப்பாவே அதைப் படித்து வளர்ந்தவர்தான். சாப்பாட்டுக்கு முன்னால் விக்கிரமாதித்தன் கதையைச் சத்தமாகப் படிப்பார். தோளில் பிணத்தோடும் கையில் வாளோடும் மன்னன் நடந்துவரும் அந்தப் படத்தை நானும் தம்பியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் அப்பா புத்தகத்தை மூடிவிடுவார். "மன்னன் என்ன பதில் சொல்லியிருப்பான்? நீங்கள் சொல்லுங்கள்" என்பார். சாப்பிட்டு முடிக்கும்வரை எங்களுக்குள் வாதம் நடக்கும். எங்கள் பதில் புத்தகத்தில் உள்ள பதிலுக்கு மாறாக இருந்தாலும், காரணம் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வார். நான் பிறகு படித்த எந்தப் பாடமும் எனக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்ததில் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது. இன்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் பெற்றோர் இதைச் செய்து பார்க்கலாம். கதையை முடிக்கும் அவசரம் வேண்டாம்; கேள்வியில் நிறுத்துங்கள்.

அந்தப் பத்திரிகையில் இரண்டு புகைப்படங்களை அச்சிட்டு, அவற்றுக்குப் பொருத்தமான தலைப்பை வாசகர்கள் எழுதி அனுப்பும் போட்டி ஒன்று இருந்தது. அப்பாவுக்கு அது பெரிய பித்து. படத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் நான்கைந்து தலைப்புகளை எழுதிப் பார்ப்பார், அடிப்பார், என்னிடம் கேட்பார், நான் சொன்னதையும் எழுதிக்கொள்வார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்து அஞ்சல் அட்டையில் எழுதிப் போடுவார். ஒருமுறைகூடப் பரிசு கிடைத்ததில்லை. ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்துத் திருப்பாதிரிப்புலியூரில் பைண்டு செய்து, முதுகில் ஆண்டை எழுதி பீரோவில் அடுக்குவார். அம்மாவுக்கு வேறொரு சேமிப்பு. வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்து, முடிந்ததும் ஊசிநூலால் தானே தைத்து வைப்பார். ஓவியம், பக்கத்து விளம்பரம், பாதியில் அறுபட்ட நகைச்சுவைத் துணுக்கு எல்லாம் அதில் இருக்கும். இவை தவிர, மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வரும் புத்தக வண்டியில் வாங்கிய சோவியத் நாட்டுச் சிறுவர் நூல்கள். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து வந்தவை அவை. கெட்டி அட்டை, பெரிய எழுத்து, விலையோ மிகக் குறைவு. வேர்த்து ஒழுகும் கடலூர் மதியத்தில் பனிப்புயலைப் பற்றிப் படித்தவள் நான். முத்து காமிக்ஸ் எல்லாம் தம்பியின் சொத்து. இரும்புக்கை மாயாவியை அவன் யாருக்கும் இரவல் தரமாட்டான்.

புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பமும் எங்கள் ஊர்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்குள்ளும் ஊறிப்போனதால்தான், அப்பா போன பிறகும் அந்தப் பீரோவை அசைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறேன். அம்மா கடலூர் வீட்டில். புத்தகங்கள் அம்மாவோடு.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். கடலூரில் மழையும் ஓய்ந்துவிட்டது. ஆனால் டிசம்பர் 2 அதிகாலையில், தென்பெண்ணையின் மேலே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அது திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களைக் கடந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: நம் வீட்டு வாசலில் மழை நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிட்டது என்று பொருளில்லை. மேலே அணை திறப்பதற்கும் கீழே தண்ணீர் ஏறுவதற்கும் இடையே சில மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் கீழ்த்தட்டைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணி அம்மாவைத் தன் மாடிக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அந்த நன்றியை என்னால் தீர்க்கவே முடியாது. புத்தகத்தை யார் நினைப்பார்கள்?

தண்ணீர் வடியத் தொடங்கியதும் போய்ச் சேர்ந்தேன். முழங்காலுக்கு மேல் நின்ற அடையாளம் சுவரில் இருந்தது. பீரோவின் கீழ் இரண்டு தட்டுகள் முழுகியிருந்தன. புத்தகங்கள் ஊறிப் பெருத்து, தட்டுக்குள் இறுகிப்போய், ஒன்றைக்கூட வெளியே இழுக்க முடியவில்லை. இழுத்தால் முதுகு மட்டும் கையோடு வந்தது. இந்த நிலையில் இருப்பவர்கள் புத்தகத்தை இழுக்க வேண்டாம். தச்சரை அழைத்துப் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். நான் ஆணி பிடுங்கும் கடப்பாரையை இரவல் வாங்கி நானே கழற்றினேன். அதைவிட மோசம் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி. வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகும் பெட்டிக்குள் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அம்மா தைத்து வைத்திருந்த தொடர்கதைகள் அதில்தான். இரும்புப் பெட்டி பாதுகாப்பு என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. வெள்ளத்தில் அது தொட்டி. தண்ணீர் வடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது பெட்டிகளைத்தான்.

மறுநாள் நல்ல வெயில். எல்லோரும் சொன்னபடி மொட்டை மாடியில் பரப்பினேன். அக்கம்பக்கத்தினர் அன்போடு பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து பக்கங்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள். மாலைக்குள் மேல் அட்டைகள் வில்லாக வளைந்தன. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. செய்தித்தாளின் மை ஈரப் பக்கங்களில் கண்ணாடி எழுத்தாகப் பதிந்தது. சோவியத் நூல்களில் வழவழப்பான தாளில் அச்சானவை காயக் காய ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. அப்படி ஒட்டிய வழவழப்புத் தாளை எதனாலும் பிரிக்க முடியாது. அது நனைந்திருக்கும்போதே ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஏதாவது வைத்துவிட வேண்டும், அல்லது உறையவைத்துவிட வேண்டும். சொரசொரப்பான தாள் கொஞ்சம் பொறுக்கும். அதனால் கையில் நேரம் குறைவாக இருந்தால் முதலில் வழவழப்புத் தாளைக் கவனியுங்கள்.

தம்பி பெங்களூரில் இருந்து பேசினான். "அக்கா, இதெல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு" என்றான். அவன் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஒரு வீட்டில் பாயும் அரிசியும் போன நேரத்தில் கதைப் புத்தகத்துக்கு அழலாமா என்ற குற்ற உணர்வு வேறு. இப்போது சொல்கிறேன், அழலாம். மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 2,000 ரூபாயில் அரிசியும் பாயும் வாங்கலாம். பென்சிலில் எழுதிய தலைப்பை வாங்க முடியாது.

புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் தோழிக்கு எப்படியோ அழைப்பு கிடைத்தது. அவர் சொன்னதைத்தான் நான் இங்கே எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர் வெப்பத்தில் நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் காயவைக்க ஒரு ஆளால் முடியாது. ஆகவே காயவைக்க முயலாமல் உறையவைக்க வேண்டும். சேறு படிந்த புத்தகத்தைத் திறக்காமல், இரண்டு கையாலும் இறுக மூடிப் பிடித்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையிலோ பட்டர் பேப்பரிலோ சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஃப்ரீசரில் நிறுத்த வேண்டும். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. பிறகு நமக்கு வசதிப்பட்டபோது நான்கைந்தாக வெளியே எடுத்துக் காயவைக்கலாம்.

கேட்க எளிது. கடலூரில் மின்சாரமே இல்லை. ஒரு குட்டியானை சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்தேன். வழக்கமாக வாங்குவதைப்போல இரண்டு மடங்கு, 3,500 ரூபாய். புதுச்சேரியில் தெரிந்த ஐஸ்கிரீம் கடை ஒன்றில் மழைக்காலமாதலால் ஒரு ஃப்ரீசர் பெட்டி காலியாக இருந்தது. மாதம் 1,500 ரூபாய் என்று பேசி மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் இப்படிக் காலியாக இருக்கும் பெட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கும். கேட்க வெட்கப்பட வேண்டாம். அதற்குள் ஏற்கெனவே மாடியில் கிடந்தவற்றில் பாதி பூத்துவிட்டன. பச்சையும் கருப்புமாகப் பூஞ்சை. அந்தக் கட்டுகளைக் கையாண்டதில் எனக்கு மூச்சிரைப்பு வந்து மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. கையுறையும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அது சாக்கடை கலந்த தண்ணீர் என்பதையும் மறக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை உள்ளே இறங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஓர் உறவினர், ஓலைச்சுவடிக்குப் பூசுவதுபோல எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசச் சொன்னார். நல்லவேளையாகத் தோழியிடம் கேட்டுக்கொண்டேன். அது பனையோலைக்கான வைத்தியம். தாளில் எண்ணெய் பட்டால் கறைதான் மிஞ்சும்.

ஜனவரியிலிருந்து காயவைக்கும் வேலை. ஓர் அச்சகத்தில் அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் எடைக்கு வாங்கினேன். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்று என்று செருகி, புத்தகத்தை நிமிர்த்தி லேசாக விரித்து நிறுத்தி, மின்விசிறியை நேரே படாமல் ஓடவிட வேண்டும். தாள் ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி இருக்கும் அறை இன்னும் நல்லது. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துவிடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் வளையாது. தனி இதழ்களில் இருக்கும் ஸ்டேபிள் கம்பிகளை முதலிலேயே மெதுவாகக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் துரு நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். வேலைக்குப் போய்வந்து இரவு பதினொரு மணி வரை இதைச் செய்தேன். மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் நடக்க முடியவில்லை. ஆனால் உறைந்து வந்த அம்புலிமாமா தொகுதிகள் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பென்சில் எழுத்து அப்படியே இருந்ததைப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்தது. பேனா மை கரைந்திருந்தது. பென்சில் கரையவில்லை. எந்தப் புத்தகத்திலும் இனி பென்சிலில் மட்டும்தான் எழுதுவேன்.

அடுத்து வந்தது எனக்கு ஆறாத இடம். காய்ந்த தொகுதிகளின் தையல் பிரிந்திருந்ததால் ஐந்தை ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். அட்டையின் நிறம், முதுகில் எழுத வேண்டிய ஆண்டு எல்லாம் தெளிவாகச் சொன்னேன். திரும்பி வந்த தொகுதிகள் பார்க்கப் புதிதாக, மிக அழகாக இருந்தன. திறந்தால் மூன்று பக்க ஓரங்களும் ஒரு விரற்கடை குறைந்திருந்தன. படத்துக்குக் கீழே அப்பா எழுதிய தலைப்புகளில் பல, வரியின் பாதியோடு அறுந்துபோயிருந்தன. "ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது அம்மா, அதனால் வெட்டிச் சமப்படுத்தினேன்" என்றார் அவர். அவருக்கு அது தினமும் செய்யும் வேலை. பைண்டு செய்தால் கடைசியில் கட்டிங் இயந்திரத்தில் வைப்பது வழக்கம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். நமக்குத் தெரியாது. வெள்ளத்தில் தப்பிய எழுத்து பைண்டிங்கில் போயிற்று. 1,750 ரூபாயும் கொடுத்தேன்.

ஆகவே பழைய புத்தகத்தை பைண்டு செய்யக் கொடுக்கும்போது "கட்டிங் போடக் கூடாது" என்று சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தோடு கட்டியும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் முதலில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கொடுப்பதற்கு முன்னால் எழுத்துள்ள பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்ட விடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை தாளில் இறங்கிவிடும். மீதியை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் என்னிடம் முதலில் கேட்டதே, "ஓரத்தில் எழுத்து இருக்கிறதா?" என்பதுதான். தையலைப் பிரித்து, கையாலேயே தைத்து, காலிகோ துணி முதுகு போட்டு, மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டிக் கொடுத்தார். தொகுதிக்கு 400 ரூபாய். துத்தம் விஷம் என்பதால் சிறு குழந்தைகள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளத்தில் போன அம்புலிமாமா ஆண்டுத் தொகுதிகளைத் திரும்ப வாங்கும் ஆசையில் இன்னொரு அடி. பழைய இதழ்கள் விற்பதாகச் சொன்ன ஒருவரிடம் 1976 முழு ஆண்டுக்கு 6,500 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். அட்டை மட்டும் வண்ணத்தில், உள்ளே எல்லாம் நகல் எடுத்த தாள்களாக வந்தது. பிறகு அவர் அழைப்பை எடுக்கவே இல்லை. பழைய இதழ் வாங்குகிறவர்கள் புகைப்படத்தை நம்பாமல், பக்கங்களைப் புரட்டும் காணொலி கேளுங்கள். நடுப்பக்கக் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள்; பழைய இதழில் துருப்பிடித்த அடையாளம் தாளில் இருக்கும். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்ப வேண்டாம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கிய இரண்டு இதழ்கள்தான் எனக்கு உண்மையாகக் கிடைத்தவை. படிப்பதற்கு மட்டும் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரும்புக்கை மாயாவியும் மறுபதிப்பாக வந்திருக்கிறது. வெள்ள நேரத்தில் எதை எடுப்பது என்று திகைக்கும்போது இந்தக் கணக்குதான் உதவும்: மறுபதிப்பு வந்ததை விட்டுவிடலாம், கையெழுத்து உள்ளதை, வீட்டில் தைத்ததை முதலில் தூக்குங்கள். அம்மாவின் தொடர்கதைகளில் பெரும்பாலானவற்றை நான் இழந்துவிட்டேன். அவை நூலாகவும் வந்திருக்கின்றன, வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "படம் இல்லையே" என்றார்.

கடலூர் வீட்டுச் சுவரில் 2015 வெள்ளத்தின் கோடும் 2024 வெள்ளத்தின் கோடும் இருக்கின்றன. உயரமான கோட்டுக்கு இரண்டடி மேலே சுவரில் பலகை அடித்து, மிஞ்சியவற்றை அம்மாவின் விருப்பப்படி அங்கேயே வைத்திருக்கிறேன். நன்கு உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் வைக்கிறேன். பச்சை இலை ஈரம் விடும், வேண்டாம். கீழ்த்தட்டில் இப்போது பாத்திரங்கள். பென்சில் எழுத்துள்ள பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்துச் சமப்படுத்திக் கைபேசியில் படம் எடுத்துவருகிறேன். 1978 வரை வந்திருக்கிறேன். ஒரு பிரதி என்னிடம், இன்னொன்று தம்பியிடம். பிரதியை ஆற்றிலிருந்து தொலைவில் இருப்பவரிடம் கொடுத்துவைப்பது நல்லது; அவன் இருப்பது பெங்களூரில் ஆறாவது மாடியில்.